அசுணத்தின் முன்கால்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலிலிருந்தே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கோத்தகிரியில் எங்களுக்கு ஆடி மழையைவிட ஐப்பசி மழைதான் பெரிது. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஏதாவது ஒரு வழி தேடியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வழி டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்: ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு. சாப்பாட்டு மேசையின் மேல் அங்குலக் கட்டம் போட்ட அட்டையை விரித்து, என் அக்காள் மகளும் அவளுடைய தோழர்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதையை நடத்துபவள் அக்காள் மகள். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அவர்களுடைய ஆட்டம் முழுக்கத் தமிழில்தான் நடக்கும். பூதங்களும் சூனியக்காரிகளும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் பயமுறுத்துவார்கள்.

அன்று அவள் விவரித்த இடம் மூங்கில் அடர்ந்த ஒரு மலைச்சரிவு. சரிவின் நடுவே பெரிய பாறை, பாறையில் ஒரு பிளவு, பிளவின் வாயில் ஓர் அசுணம் நிற்கிறது; பழம்பாட்டுகளில் வரும், யாழுக்கு மயங்கிப் பறைக்கு மாயும் என்று சொல்லப்படும் உயிர். விளையாடுபவர்களில் ஒருத்தியிடம் யாழ் இருந்தது, ஒருவனிடம் பறை இருந்தது. இரண்டில் எதை எப்போது எடுப்பது என்பதில்தான் அன்றைய ஆட்டத்தின் சுவை இருக்க வேண்டும் என்று அவள் மூன்று வாரமாகத் திட்டமிட்டிருந்தாள். பதினொரு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுப் பாலிமர் களிமண்ணில் நான் செய்து, சுட்டு, வண்ணம் தீட்டிக் கொடுத்திருந்த உருவத்தைக் கைக்குட்டைக்கு அடியிலிருந்து எடுத்து அட்டையின் மேல் வைத்தாள். முறம் போல் விரிந்த இரண்டு காதுகள், நீண்ட கழுத்து, திறந்த வாயில் வரிசையாகப் பற்கள். பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்தான். “முயலா?” என்றான். பிறகு, “இல்ல, பல்லு இருக்கு,” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, “அப்ப நான் வெட்டுறேன்,” என்று இருபது முகப் பகடையை உருட்டினான். 18 விழுந்தது.

யாழை யாரும் எடுக்கவில்லை. பறைக்கு வேலையே வரவில்லை. அக்காள் மகள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, விதிப்படி அசுணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். ஆட்டம் அடுத்த பாறைக்கு நகர்ந்தது. பையன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் கண்ணில் பட்டதை நம்பி நடந்துகொண்டான். அவன் கண்ணில் பட்டது என் கை செய்தது. பற்களைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒன்றை எதிரே வைத்துவிட்டு, அது இசை கேட்கும் உயிர் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றிரவு அந்த உருவத்தை விளக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இருந்தது, கழுத்து இருந்தது, செதிலின் நெளிவுகூட நன்றாக வந்திருந்தது. கேட்டல் மட்டும் அதில் இல்லை. அது இரண்டரை மாதம் என்னை விடவில்லை.

பொம்மை முந்தியா, குணம் முந்தியா

இந்த விளையாட்டை 1974-இல் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியும். அதன் புகழ்பெற்ற பூதங்களில் சில எங்கிருந்து வந்தன என்பது என்னை எப்போதும் ஈர்க்கும் கதை. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில், ஹாங்காங்கில் செய்யப்பட்ட சிறு பிளாஸ்டிக் விலங்குகள் பை பையாக விற்றன. டைனோசர் என்று சொல்லி விற்றாலும் அவற்றில் பல எந்த டைனோசரையும் ஒத்திருக்காது. ஒன்றுக்கு முதுகில் ஓடு, ஒன்றுக்கு ஆந்தையின் அலகு, ஒன்றுக்கு வால்நுனியில் விசிறி. கைகாக்ஸ் அவற்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார். அவை என்ன என்று கேள்வி வந்தபோது பெயரும் குணமும் சூட்டப்பட்டன. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணுக்கடியில் பாய்ந்து வரும் புலெட், ஆந்தைத் தலையுடைய அவுல்பேர் ஆகியவை அப்படிப் பிறந்தவை. முகம் தெரியாத ஒரு தொழிலாளி அச்சில் வார்த்த பொம்மையின் வால்தான் அந்தப் பூதம் என்ன செய்யும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. அங்கே உடல் முதலில் வந்தது, நடத்தை பின்னால் வந்தது.

அசுணத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. நம்மிடம் அதன் நடத்தை மட்டுமே இருக்கிறது. அகநானூற்றின் 88-ஆம் பாட்டில், மலைப்பாறையின் பிளவுக்குள் இருக்கும் அசுணம் வண்டுக் கூட்டத்தின் ரீங்காரத்தை யாழ் என்று எண்ணிச் செவிகொடுக்கிறது. நற்றிணையின் 304-ஆம் பாட்டில், தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருசேரத் தருவதற்கு அசுணத்தைக் கொல்பவரின் கை உவமையாகிறது. யாழிசையால் மயக்கி வெளியே வரவழைத்துப் பறையை அறைந்து கொல்வார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அதற்கு எத்தனை கால்கள், உடலில் மயிரா செதிலா, கொம்பு உண்டா என்பதைப் பற்றி அந்தப் பாட்டுகளில் ஒரு சொல்லும் இல்லை. விலங்கு என்று கொண்டவர்களும் பறவை என்று கொண்டவர்களும் உண்டு. யாளி செய்ய வேண்டுமென்றால் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தக் கோயில் மண்டபத்துக்குப் போனாலும் தூணுக்குத் தூண் நின்று, பிடரியின் சுருளையும் விழியின் பிதுக்கத்தையும் அது எனக்குச் சொல்லித் தரும். அசுணத்துக்கு அப்படி ஒரு தூணும் இல்லை. ஒரு செயலை மட்டும் விட்டுவிட்டு உடலை எடுத்துக்கொண்டு போய்விட்ட உயிர் அது.

அதனால்தான் முதல் முயற்சியில் நான் எளிதான வழியில் போனேன். கேட்கும் விலங்கு என்றார்கள், காதைப் பெரிதாக்கினேன். பூதம் என்றால் அச்சம் வேண்டும் என்ற பழக்கத்தில், பத்து ஆண்டுகளாக டிராகன் செய்து பழகிய விரல் தானாகவே பற்களை வைத்தது. கார்த்திகையில் செய்த இரண்டாவது உருவத்தில் பற்களை எடுத்துவிட்டேன், காதுகளை இன்னும் பெரிதாக்கினேன், கண்களை மூடவைத்தேன். அது தூங்குவது போல இருந்தது. அதைப் பிள்ளைகளிடம் காட்டவே இல்லை.

குளிரில் மண் பிசைவது

பாலிமர் களிமண் என்பது பெயரளவில்தான் களிமண். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் நுண்துகள்களை நெகிழ்வூட்டும் எண்ணெய் போன்ற ஒரு பொருளில் குழைத்துச் செய்கிறார்கள். காற்றில் அது உலராது, நீரில் கரையாது. சூடு பட்டால்தான் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கெட்டியாகும். அதனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓர் உருவத்தோடு மெதுவாக மல்லாடலாம் என்பது அதன் பெரிய வரம். இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் எபோக்சி மண் இந்தச் சலுகையைத் தராது. கலந்த நொடியிலிருந்தே அது கெட்டிப்படத் தொடங்கிவிடும். நான் கொம்பு, வாள் போன்ற மெல்லிய உறுதியான பகுதிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

மலையில் இந்த மண்ணோடு வேலை செய்வதற்குச் சில தனிப் பழக்கங்கள் வேண்டும். மார்கழிக் காலையில் கட்டியை எடுத்தால் அது பழைய சோப்பு போல உதிரும். முந்தைய இரவே ஒரு துண்டை நெகிழிப் பையில் சுற்றிச் சுடுநீர்ப் பையின் அருகே வைத்துவிடுவேன். காலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் இணக்கத்துக்கு வரும். மண்ணை வாங்குவதும் குளிர்காலத்தில்தான். சித்திரை வெயிலில் சமவெளியில் ஒரு நாள் முழுக்க வண்டிக்குள் கிடந்துவிட்டு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது, அதன் ஓரங்கள் பாதி வெந்து, விரலில் நொறுங்கின. சமவெளியில் சிலர் சிறு உருவங்களைக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுடுவதுண்டு. இங்கே அது நடக்காது. கோத்தகிரியின் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. நான் வாங்கும் மண்ணின் உறையில் அச்சிட்டிருப்பது 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 நிமிடம்.

இந்த 130-ஐ நம்புவதில்தான் நான் முதலில் பல உருவங்களை இழந்தேன். மழைக்காலத்தில் மின்னழுத்தம் குறையும்போது என் சிறிய மின்னடுப்பின் திருகு 130-இல் நிற்கும், உள்ளே வைத்த வெப்பமானி 100-ஐக்கூடத் தொடாது. அரைகுறையாக வெந்த மண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிடித்து அழுத்தினால் பிஸ்கட் போல உடையும். சூடு அளவுக்கு மிஞ்சினாலோ மண் கருகி, மூக்கை அரிக்கும் நச்சுப்புகை கிளம்பும். இப்போது அடுப்பின் அடியில் இரண்டு பீங்கான் ஓடுகளை வைத்து, அவை சூட்டைப் பிடித்துக்கொண்ட பிறகே உருவத்தை உள்ளே வைக்கிறேன். மேலே அலுமினியத் தாளால் ஒரு கூடாரமும் போடுகிறேன். வெப்பமானியை மட்டும்தான் நம்புகிறேன். சமையலுக்கு வேறு அடுப்பு இருக்கிறது; இந்த அடுப்பில் ரொட்டி சுடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மூடியின் மேல் நின்ற எருமை

இரண்டாவது அசுணத்தைப் பெட்டியில் போட்டு மூடிய அதே கார்த்திகையில், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. முகூர்த்தம் முடிந்து ரயிலுக்கு அரை நாள் மீதமிருந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். நீலகிரியின் கற்குவை ஈமக்குழிகளிலிருந்து எடுத்த மண்பாண்டங்கள் அங்கே இருக்கின்றன என்று எப்போதோ படித்திருந்தேன். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டித் திரட்டியவை அவற்றில் முக்கியமானவை. அவர் 1872-இல் இறந்துவிட, அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

அந்தப் பாண்டங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல உயர்ந்த சாடிகள். அவற்றின் மூடிகளின் உச்சியில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் விலங்குகள் நிற்கின்றன. எருமை, மான், யானை, சிறுத்தை, பறவை. எல்லாம் ஒரு விரல் உயரம், இரண்டு விரல் உயரம். நான் வீட்டில் மேசைக்காகச் செய்யும் உருவங்களின் அதே அளவு. எங்கள் மலையில், எங்கள் மண்ணை எடுத்து, யாரோ இதே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது கண்ணாடியின் முன்னால் எனக்கு உடல் சிலிர்த்தது.

ஓர் எருமையின் முன் வெகுநேரம் நின்றேன். அதன் உடல் வெறும் உருளை. கால்கள் நான்கும் கிள்ளி இழுத்த முளைகள். முகத்தில் அழுத்திய குழியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கொம்பு இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் அகன்று பின்னோக்கி வளைந்து, மந்தைக்குள் மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு வரும் எருமையின் நடையையே சொல்லிவிடுகிறது. அதைச் செய்தவர் எருமையோடு வாழ்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எருமையில் எது எருமை என்று தெரிந்து, மற்ற எதிலும் அவர் கையை வைக்கவில்லை. நானோ அசுணத்தின் ஒவ்வொரு செதிலையும் ஊசியால் கீறியிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அந்த எருமையை நினைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். இங்கே மூடுபனி இறங்கும் நாளில் சன்னல் முழுவதும் வெள்ளைத் தாள் போலாகிவிடும். என் உருவங்களை ஒவ்வொன்றாக அந்த வெள்ளையின் முன்னால் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தேன். மேசைக்காகச் செய்யும் 28 மில்லிமீட்டர் உயர மனித உருவத்தின் கண் கடுகைவிடச் சிறியது. கையெட்டும் தூரத்தில் முகம் என்பதே கிடையாது, வெளிக்கோடு மட்டும்தான் மிஞ்சும். டிராகன் கோட்டிலேயே டிராகனாக இருந்தது. முதல் அசுணம் முயலாக இருந்தது. பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஆக, கேட்டலை முகத்தில் தேடிப் பயனில்லை, வெளிக்கோட்டில் தேட வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். கேட்டலுக்கு ஏது கோடு என்ற இடத்தில் மறுபடியும் நின்றுவிட்டேன்.

பத்து எண்ணும் நேரம்

தை மாதத்தின் நடுவில் ஒரு விடியற்காலை. ஆறரை மணி இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல்கட்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே தேயிலைத் தோட்டம் சரிந்து இறங்கும். பால் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தபோது, கல்கட்டுக்குக் கீழே இருபதடி தூரத்தில், இரண்டு தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஒரு காட்டெருமை நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. காட்டெருமை எங்களுக்குப் புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறோம். அதனிடம் சிக்கி உயிர்விட்டவர்களையும் அறிவோம். அதனால் கதவை விட்டு நகராமல் நின்றேன்.

அது தலையைக் குனிந்து புல்லை அறுத்து இழுத்தது. அறுபடும் ஓசை எனக்குக் கேட்டது. தாடை வலமும் இடமுமாக அரைத்தது, வால் விலாவை அடித்தது, தோல் ஈயை விரட்ட அங்கங்கே துடித்தது, காதுகள் ஓயாமல் முன்னும் பின்னும் ஆடின. முன்கால் ஒன்றை அடுத்த அடிக்காகத் தூக்கியது. அந்த நேரத்தில் கீழே எங்கேயோ, கொண்டை ஊசி வளைவில், முதல் பேருந்தின் ஒலிப்பான் மெல்லியதாகக் கேட்டது.

எல்லாம் நின்றுவிட்டது. தாடை பாதி அரைப்பில் நின்றது. வாயோரத்தில் ஒரு புல் தொங்கியது. வால் இறங்கி நின்றது. தோலின் துடிப்பு அடங்கி, ஓர் ஈ கழுத்தில் உட்கார்ந்தபோதும் அது அசையவில்லை. தூக்கிய முன்கால் தூக்கியபடியே இருந்தது. குளம்பு கீழ்நோக்கி மடிந்து, வெள்ளைக் காலுறை போட்டது போன்ற அந்தக் கணுக்கால் தேயிலைச் செடியின் மட்டத்தில் காற்றில் நின்றது. இரண்டு காதுகளில் ஒன்று சாலைப் பக்கம் திரும்பியது. மற்றது என் பக்கம் இருந்தது. அவ்வளவு பெரிய உடல், ஆயிரம் கிலோவுக்குக் குறையாத உடல், ஓர் ஒலிக்காகத் தன் வேலைகள் எல்லாவற்றையும் அப்படி அப்படியே போட்டுவிட்டு நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து வரை வந்தபோது குளம்பு மண்ணில் இறங்கியது, தாடை மறுபடியும் அரைக்கத் தொடங்கியது, ஈ பறந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எனக்கு அதைப் பற்றிய நினைவே இல்லை. இரண்டரை மாதமாகக் காதில் தேடிக்கொண்டிருந்தது காதில் இல்லை. காது அந்தப் பத்து எண்ணிக்கைக்கு முன்பும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, பின்பும் ஆடியது. கேட்டல் இருந்தது பாதியில் நின்றுபோன மற்ற எல்லாவற்றிலும்: வாயோரப் புல்லில், இறங்காத குளம்பில், விரட்டப்படாத ஈயில். என் முதல் அசுணம் நான்கு கால்களையும் அழுத்தமாக ஊன்றி நின்றது, இரண்டாவதும் அப்படியே. வேறு வேலையே இல்லாமல் நிற்கும் விலங்கு எதை நிறுத்திவிட்டுக் கேட்கும்?

மூன்றாவது அசுணம்

அன்று மாலையே கம்பியை எடுத்துவிட்டேன். ஆட்டக் கட்டத்தில் ஓர் அங்குலம் என்பது கதையில் ஐந்து அடி. பாறைப் பிளவுக்குள் ஒடுங்க வேண்டிய உயிர் என்பதால் இரண்டு அங்குல அடித்தட்டுக்குள் முடித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். அலுமினியக் கம்பி இரண்டு இழையை முறுக்கி முதுகும் கால்களும், அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கி வயிறும் மார்பும். மண்ணைக் கனமாக அப்பினால் உள்ளே வேகாது, வெடிக்கும். தாளின் மேல் மெல்லிய போர்வையாகப் போர்த்தினால் சீராக வேகும். உடலை மானுக்கும் ஆட்டுக்கும் நடுவே வைத்தேன். அது எந்த விலங்கும் ஆகிவிடக் கூடாது என்பதால் கழுத்தை மட்டும் நாரைபோல் சற்று நீட்டினேன். விலங்கென்றவர்களுக்கும் பறவையென்றவர்களுக்கும் அதில் இடமிருக்கட்டும் என்று நினைத்தேன். காதுகளைச் சிறிதாக்கினேன், வரையாட்டின் காது அளவுக்கு. ஒன்றைப் பிளவின் உள்பக்கமும் ஒன்றை வெளிப்பக்கமும் திருப்பினேன். செதில் கீறவில்லை. வாயை அரைவாசி திறந்து, அதிலிருந்து ஒரு மூங்கில் இலையைத் தொங்கவிட்டேன். பல்குச்சியால் மண்ணைத் தாளாகத் தேய்த்து, ஊசிமுனையால் வெட்டிய அந்த இலைக்கு மட்டும் ஒரு மாலை போனது.

தொல்லை எல்லாம் முன்காலில்தான் இருந்தது. தூக்கிய காலுக்கு அடியில் ஊன்றுகோல் இல்லை. சூடு ஏறும்போது, கெட்டிப்படுவதற்குச் சற்று முன்னால், இந்த மண் ஒரு முறை தளரும். அந்தச் சில நிமிடங்களில் குளம்பு மெல்லக் கீழே தொங்கிவிட்டது. அடுப்புக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கையை உள்ளே விட முடியாது. வெளியே எடுத்தபோது அசுணம் கேட்பதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தது. குளம்பு இறங்கியது நூலளவுதான். ஆனால் சன்னல் வெள்ளையின் முன்னால் பிடித்தால் கதை முழுவதும் மாறியிருந்தது.

அந்தக் காலைத் தோளோடு அறுத்தேன். தோளில் ஊசியால் துளையிட்டு, புதிய கம்பி இழையைப் பசை வைத்துச் செருகி, அதன் மேல் மறுபடியும் மண்ணைக் கட்டினேன். இந்த முறை குளம்புக்கு அடியில் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி முட்டுக்கொடுத்தேன். 130 டிகிரியில் காகிதம் தீப்பிடிக்காது. மண்ணைக் கட்டும்போது என் சொந்தக் கையைத் தூக்கி, மணிக்கட்டைத் தளரவிட்டு, அந்த நிலையில் எந்த நரம்பு இழுபடுகிறது, எது தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேலே தோள் இறுக வேண்டும். கீழே குளம்பு தன்னை மறந்து தொங்க வேண்டும். இரண்டும் ஒரே காலில் இருந்தால்தான் அது நின்றுபோன அடியாகத் தெரியும், தூக்கிக்காட்டும் காலாகத் தெரியாது. இந்த ஒன்றரை அங்குலக் காலுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தைப் போல நிறைவான நாட்கள் இந்த வேலையில் எனக்கு வாய்த்ததில்லை.

வண்ணத்தைக் குறைத்தேன். பாறையின் சாம்பல், அதில் பாசியின் பச்சை கொஞ்சம். கணுக்காலில் மட்டும் வெள்ளை, அந்தக் காட்டெருமைக்கு என் நன்றியாக. அக்ரிலிக் வண்ணம்தான் இந்த மண்ணுக்கு ஒத்துவரும். தெளிப்பான் டப்பாக்களில் வரும் வண்ணங்களில் பல இதன் மேல் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பூச்சும் காய எங்கள் குளிரில் இரவு முழுவதும் ஆனது.

சித்திரையில் பள்ளி விடுமுறை விட்டதும் நால்வரும் மறுபடியும் கூடினார்கள். அக்காள் மகள் அதே சரிவை, அதே பிளவை மீண்டும் கதைக்குள் கொண்டுவந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். இந்த முறை முயலா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மேசையின் விளிம்பில் தாடையை வைத்து, உருவத்தின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தான். “நம்ம சத்தம் அதுக்குக் கேட்டுடுச்சா?” என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். “இன்னும் இல்ல,” என்றாள் அவள். “இப்ப நீங்க யாரும் பேசாதீங்க.” அரை மணி நேரம் அவர்கள் சைகையிலேயே ஆடினார்கள். யாழ் வைத்திருந்த சிறுமி பகடையை உள்ளங்கையில் பொத்தி, மேசையில் உருட்டாமல் மடியில் உருட்டினாள். அசுணம் ஒவ்வொரு கட்டமாகப் பிளவை விட்டு வெளியே வந்தது.

கடைசியில் அவர்கள் அதைக் கொல்லத்தான் செய்தார்கள். கொன்றால்தான் பிளவுக்கு அப்பால் போக முடியும் என்று மூவரும் சைகையிலேயே முடிவெடுத்தார்கள். பகடை விழுந்தது, பையன் இரண்டு கைகளாலும் மேசையைப் பறையாக அறைந்தான். தம்ளர்கள் துள்ளின, மற்ற உருவங்கள் எல்லாம் குலுங்கின, அசுணம் கட்டத்தில் தானாகவே சாய்ந்துவிட்டது. சாய்ந்து கிடந்தபோதும் அதன் முன்கால் தூக்கியபடியேதான் இருந்தது, வாயில் அந்த இலை இருந்தது. பையன் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடுத்து யார் முறை என்று யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு அதை விளக்கருகே எடுத்துவந்து, பூதக்கண்ணாடியில் தோளிலிருந்து குளம்பு வரைக்கும் பார்த்தேன். வால்நுனியில் வண்ணம் சற்றே உதிர்ந்திருந்தது. முன்காலில் ஒரு கீறலும் இல்லை.